பழைய காரின் அடியில் துரு: வீட்டிலேயே சரிசெய்யலாமா? எது வரை செய்யலாம்? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி கார் ஓனர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

வெளியே பார்த்தால் கார் பளபளவென்று இருக்கும். இன்ஜின் ஓகே, ஏசி ஓகே, டயரும் புதுசு. ஆனால் டிரைவர் சீட்டுக்கு முன்னால் கிடக்கும் மேட்டைத் தூக்கினால் ஓட்டை வழியாக ரோடு தெரியும். 15 வருஷம் ஓடிய காரை டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டுபோகும் பலருக்குக் கிடைக்கும் அதிர்ச்சி இதுதான்.

"பட்டி போட்டு பெயிண்ட் அடிச்சா தெரியாது சார்" என்ற பதிலும் சில இடங்களில் கிடைக்கும். தெரியாது என்பது உண்மைதான். ஆனால் துருவை மறைப்பது வேறு, நிறுத்துவது வேறு. ஆரம்பத்திலேயே கவனித்தால் வீட்டு போர்ட்டிகோவிலேயே துருவை நிறுத்தலாம். முற்றிவிட்டால் அது குடும்பத்தின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அந்தக் கோட்டை எங்கே போடுவது? பார்க்கலாம்.

சுருக்கமாக:

• பெயிண்ட்டில் குமிழ், மேல்பரப்பில் செந்நிறத் துரு: வீட்டில் சரிசெய்யலாம்.
• தகட்டில் ஓட்டை, குத்தினால் உள்ளே போகும் இடம்: வெல்டிங் பட்டறைதான்.
• வேலை செய்ய ஏற்ற மாதங்கள்: பிப்ரவரி முதல் மே வரை.
• ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகவே கூடாது.

துரு எப்படிப் பிடிக்கிறது?

இரும்பு, தண்ணீர், காற்றில் உள்ள ஆக்சிஜன். இந்த மூன்றும் சேர்ந்தால் துரு வரும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். பெயிண்ட்டின் வேலை, இரும்பையும் தண்ணீரையும் சேரவிடாமல் நடுவில் நிற்பது. கல் தெறித்து ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் அந்தக் காவல் போய்விடும்.

துருவுக்கு இன்னொரு குணம் உண்டு. அது உருவான இரும்பைவிடப் பல மடங்கு அதிக இடத்தை அடைக்கும். அதனால்தான் பெயிண்ட்டைக் கீழிருந்து தள்ளி குமிழாக எழுப்புகிறது. வெளியே பட்டாணி அளவுக்குக் குமிழ் தெரிந்தால், உள்ளே துரு அதைவிடப் பெரிதாகப் பரவியிருக்க வாய்ப்பு அதிகம்.

காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே துருப்பிடிக்கும் வேகம் கூடத் தொடங்கும். சென்னையில் பெரும்பாலான நாட்களில் அதற்கு மேல்தான். ஆக, மழையில் நனையாத காருக்கும் முழுப் பாதுகாப்பு கிடையாது.

கடல் தள்ளி இருக்கே, இங்கே ஏன் துரு?

திருவொற்றியூர், பெசன்ட் நகர் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு உப்புக் காற்றுதான் எதிரி. ஆனால் கடற்கரையை விட்டு உள்ளே போகப் போக காற்றில் உள்ள உப்பு வேகமாகக் குறைந்துவிடும். அம்பத்தூர் கடலிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். ஆவடியும் பூந்தமல்லியும் இன்னும் தள்ளி. அப்புறம் ஏன் இங்கேயும் கார்கள் துருப்பிடிக்கின்றன?

பதில் கீழே இருக்கிறது. மேற்குப் புறநகரில் துரு காற்று வழியாக வருவதைவிட, தேங்கும் தண்ணீர் வழியாகவே அதிகம் வருகிறது. அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு என்று ஏரிகளுக்கு நடுவே வளர்ந்த பகுதி இது. வடகிழக்குப் பருவமழையில் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் வடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையே தண்ணீரில் மூழ்கியது நினைவிருக்கும்.

அப்படி நின்ற தண்ணீர் வடிந்த பிறகுதான் நிஜமான பிரச்சினை. வீல் ஆர்ச் மடிப்பில் ஒட்டிய சேறு பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காருக்குள் கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் தடிமனான பஞ்சு அட்டை வாரக்கணக்கில் காயாது. மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும்.

இன்னொரு காரணம், போர் தண்ணீர். உப்புச் சுவை உள்ள தண்ணீரில் காரைக் கழுவி அப்படியே விட்டால், தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் இடுக்குகளில் தங்கிவிடும். அடுத்த ஈரத்துக்கு அது தயாராகக் காத்திருக்கும்.

உங்கள் காரில் 'சேஸி' இருக்கிறதா?

பொலிரோ, சுமோ, குவாலிஸ் மாதிரி வண்டிகளில் ஏணி போன்ற தடித்த இரும்புச் சட்டம் கீழே தனியாக இருக்கும். அதன் மேல் பாடி உட்கார்ந்திருக்கும். இதைத்தான் லேடர் சேஸி என்கிறார்கள்.

மாருதி 800, ஆம்னி, சான்ட்ரோ போன்ற கார்களில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. மெல்லிய தகடுகளை மடித்து, ஒன்றோடு ஒன்று வெல்டிங் வைத்த பெட்டிதான் மொத்த பலமும். இதற்குப் பெயர் மோனோகாக். அம்பாசிடரும் இந்தக் குடும்பம்தான்.

இந்த வித்தியாசம் முக்கியம். மோனோகாக் காரில் தரைத் தகடும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவப் பகுதியும் வெறும் மூடி அல்ல, அவைதான் காரின் எலும்பு. பட்டறையில் 'ரன்னிங் போர்டு' என்று சொல்லும் அந்தக் கீழ்ப்பகுதி உள்ளுக்குள் அரித்துப்போயிருந்தால், விபத்தில் பயணிகளைக் காக்க வேண்டிய பெட்டி அட்டை மாதிரி மடங்கிவிடும். மாருதி 800-ன் உற்பத்தி 2014 ஜனவரியிலும், அம்பாசிடரின் உற்பத்தி அதே ஆண்டு மே மாதத்திலும் நின்றுவிட்டன. இன்று ஓடும் இந்த வகைக் கார்கள் எல்லாமே துருவைத் தேடிப் பார்க்க வேண்டிய வயதில் இருப்பவைதான்.

எங்கெல்லாம் பார்க்க வேண்டும்?

ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சின்னக் காந்தம் போதும். அரை மணி நேர வேலை.

• வீல் ஆர்ச்: உள்பக்க மடிப்பில் விரல் விட்டுப் பாருங்கள். சேறு சேரும் முதல் இடம் இதுதான்.
• ரன்னிங் போர்டு: ஜாக்கி வைக்கும் இடங்களைக் கவனியுங்கள். பெயிண்ட் உடைந்து துரு தொடங்குவது இங்கேதான்.
• தரை: மேட்டை மட்டுமல்ல, கார்பெட்டையும் தூக்கிப் பாருங்கள். முன்பக்கம் பாசஞ்சர் பக்கத்தில் ஈரம் இருந்தால் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம்.
• டிக்கி: ஸ்டெப்னியை வெளியே எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். டிக்கி ரப்பர் தேய்ந்திருந்தால் தண்ணீர் இங்கே தேங்கும்.
• கதவின் அடி: தண்ணீர் வடிவதற்கு சின்னத் துளைகள் இருக்கும். அடைத்திருந்தால் கதவு உள்ளிருந்தே அழுகும்.
• முன்கண்ணாடிக்குக் கீழே: வேப்பிலை, புங்க இலை மக்கி அடைத்திருக்கும் இடம்.
• பேட்டரி தட்டு: ஆசிட் சிந்தியிருந்தால் துரு வேகமாக இறங்கும்.
• ஷாக் அப்சார்பர், சஸ்பென்ஷன் மாட்டும் இடங்கள்: இங்கே துரு என்றால் தாமதமே கூடாது.

சந்தேகமான இடத்தை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு 'டங்' என்று ஒலிக்கும். அரித்த தகடு 'பொத்' என்று சொல்லும். ஏற்கெனவே பட்டி போட்டு மறைத்திருக்கிறார்களா என்று தெரிய, காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி நகர்த்துங்கள். தடிமனான பட்டி உள்ள இடத்தில் காந்தம் ஒட்டாது. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறவர்களுக்கும் இந்தச் சோதனை உதவும்.

துருவில் மூன்று நிலை

முதல் நிலை: மேல்பரப்பில் மட்டும் செந்நிறம். உப்புத்தாளால் தேய்த்தால் வெள்ளை இரும்பு தெரியும். வீட்டில் செய்யலாம்.

இரண்டாம் நிலை: பொருக்கு பொருக்காக உதிரும், தகட்டில் சின்னக் குழிகள் இருக்கும். குத்தினால் உள்ளே போகாது. பொறுமை இருந்தால் இதையும் வீட்டில் செய்யலாம்.

மூன்றாம் நிலை: ஓட்டை, அல்லது ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினால் அமுங்கும் தகடு. இங்கே பிரஷுக்கும் பெயிண்ட்டுக்கும் வேலை இல்லை. தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வெல்டிங் வைப்பதுதான் ஒரே வழி.

வேலைக்கு முன்: பாதுகாப்பு

ஸ்டெப்னி மாற்றக் கொடுக்கும் ஜாக்கி, சக்கரம் கழற்ற மட்டும்தான். அதை நம்பி காருக்கு அடியில் படுக்காதீர்கள். சமதளமான சிமென்ட் தரையில் காரை நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டு கொடுத்து, இரும்பு ஆக்ஸில் ஸ்டாண்டுகளில் காரை உட்கார வையுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

துரு பலமாக இருக்கும் இடத்தில் ஜாக்கி வைத்தால் அது தகட்டைத் துளைத்துக்கொண்டு மேலே போகலாம். தட்டிப் பார்த்த பிறகே வையுங்கள்.

கண்ணாடி, முகக்கவசம், கையுறை மூன்றும் கட்டாயம். தின்னர் எளிதில் தீப்பிடிக்கும். பக்கத்தில் அடுப்பு, விளக்கு, சிகரெட் கூடாது. பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் மேல் கம்பி பிரஷ் போடக் கூடாது. அதில் துரு தெரிந்தால் மெக்கானிக்கிடம் காட்டி மாற்றிவிடுங்கள்.

வீட்டில் செய்வது எப்படி?

தேவையானவை: கம்பி பிரஷ், 80, 120, 240 நம்பர் உப்புத்தாள், தின்னர், ரஸ்ட் கன்வெர்ட்டர், பிரைமர், பெயிண்ட், சீம் சீலர், அண்டர்பாடி கோட்டிங்.

1. கழுவிக் காயவிடுங்கள். அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவி, ஒன்றிரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். ஈரத்தின் மேல் பெயிண்ட் அடித்தால் துருவை உள்ளே பூட்டி வைத்த மாதிரி.

2. சுரண்டுங்கள். உப்பிய பெயிண்ட், பொருக்கு எல்லாவற்றையும் கம்பி பிரஷால் எடுத்துவிடுங்கள். பெயிண்ட் உறுதியாக ஒட்டியிருக்கும் இடம் வரும் வரை நிறுத்த வேண்டாம்.

3. தேயுங்கள். 80-ல் தொடங்கி 120, பிறகு 240. துருவைச் சுற்றி ஓர் அங்குலம் கூடுதலாகத் தேய்த்து, பெயிண்ட்டின் விளிம்பு கையில் தட்டுப்படாதபடி சரிவாக்குங்கள். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால், தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்த்தால் தூசி பறக்காது. பிறகு உடனே துடைத்துக் காயவையுங்கள்.

4. துடையுங்கள். சுத்தமான துணியில் தின்னர் நனைத்து எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். அதன்பின் வெறும் கையால் தொட வேண்டாம். விரலில் உள்ள எண்ணெயும் உப்பும் போதும், பெயிண்ட் பிடிக்காமல் போக.

5. கன்வெர்ட்டர். குழிகளுக்குள் போகாத துருவின் மேல் மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள். வெள்ளையாகத் தெரியும் இரும்புக்கு இது தேவையில்லை. காயும் நேரம், பிறகு கழுவ வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். டப்பாவில் போட்டிருப்பதைப் படித்துச் செய்யுங்கள்.

6. பிரைமர். தேய்த்த இரும்பை இரவெல்லாம் திறந்து வைக்காதீர்கள். சென்னை ஈரப்பதத்தில் சில மணி நேரத்திலேயே மெல்லிய துரு திரும்ப வந்துவிடும். அன்றைக்கே இரண்டு கோட் பிரைமர் அடியுங்கள். கன்வெர்ட்டர் தடவியிருந்தால் அது காய்ந்ததும் அடியுங்கள்.

7. சீலர், பெயிண்ட். இரண்டு தகடு சேரும் இணைப்புகளில் சீம் சீலர் பூசி, மேலே இரண்டு கோட் பெயிண்ட். உச்சி வெயிலில் வேண்டாம். தகடு கொதிக்கும்போது அடித்தால் மேலே மட்டும் காய்ந்து உள்ளே குமிழ் விடும். காலை நேரமும் நிழலும் நல்லது.

8. அண்டர்பாடி கோட்டிங். கடைசியாகத்தான் இது. சைலன்சர், பிரேக், ரப்பர் புஷ், சுழலும் பாகங்கள் மேல் படக் கூடாது. தண்ணீர் வடியும் துளைகளை மூடிவிடாதீர்கள்.

ரன்னிங் போர்டு மாதிரி மூடிய பெட்டிகளுக்குள் பிரஷ் போகாது. அதற்கு மெழுகு அடிப்படையிலான கேவிட்டி ஸ்ப்ரே இருக்கிறது. நீளமான குழாயை வடிகால் துளை வழியாக விட்டு அடிக்கலாம்.

கழற்றக்கூடிய சின்னப் பாகங்கள் என்றால் வேலை இன்னும் சுலபம். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் சாண்ட் பிளாஸ்டிங், பவுடர் கோட்டிங் செய்யும் சிறு பட்டறைகள் இருக்கின்றன. பேட்டரி தட்டு, பம்பர் கிளாம்ப் போன்றவற்றைக் கொடுத்து வாங்கலாம்.

ரெட் ஆக்ஸைடா, எபாக்ஸியா?

ஹார்டுவேர் கடையில் பிரைமர் கேட்டால் முதலில் கையில் கிடைப்பது கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஆக்ஸைடு. விலை குறைவு, அடிப்பது சுலபம். ஆனால் அது தண்ணீரை முழுமையாகத் தடுக்காது. மேலே பெயிண்ட் அடிக்காமல் விட்டால் சில மாதத்தில் பழைய கதைதான். காரின் அடிப்பகுதிக்கு இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபாக்ஸி பிரைமர் மேல். கலந்த பிறகு குறிப்பிட்ட நேரத்துக்குள் அடித்து முடித்துவிட வேண்டும், மீதியை எடுத்து வைக்க முடியாது.

கன்வெர்ட்டர் உண்மையில் என்ன செய்கிறது?

நெல்லிக்காயை இரும்புக் கத்தியால் நறுக்கினால் கறுத்துப்போகும், கவனித்திருப்பீர்கள். காயில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்து கறுப்பு நிறச் சேர்மமாகிறது. ஒருவகை கன்வெர்ட்டரில் நடப்பதும் இதே வேலைதான். டானிக் அமிலம், செந்நிறத் துருவைக் கறுப்பான, கொஞ்சம் உறுதியான படலமாக மாற்றுகிறது.

இன்னொரு வகையில் இருப்பது பாஸ்பாரிக் அமிலம். இது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். டெல்லி குதுப்மினார் வளாகத்தில் இருக்கும், சுமார் 1,600 ஆண்டுகள் பழமையான இரும்புத் தூணின் ரகசியமும் பாஸ்பரஸ்தான். அந்தப் பழைய இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேலே ஒரு மெல்லிய பாஸ்பேட் படலம் உருவாகிக் காக்கிறது என்று ஐ.ஐ.டி கான்பூர் பேராசிரியர் ஆர்.பாலசுப்ரமணியம் ஆய்வில் விளக்கினார்.

ஆனால் டப்பாவில் வரும் கன்வெர்ட்டர் தூண் மாதிரி தானாகக் காக்காது. பிரைமரும் பெயிண்ட்டும் மேலே வந்தாக வேண்டும். தடித்த பொருக்கின் மேல் தடவினால் மேல்தோல் மட்டும் கறுக்கும். உள்ளே துரு வேலையைத் தொடரும்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

வேஸ்ட் ஆயில் அடிப்பது: வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடிப்பகுதியில் பழைய இன்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து அடிக்கும் வழக்கம் இருக்கிறது. கொஞ்ச நாள் தண்ணீரைத் தள்ளி வைக்கும் என்பது உண்மை. ஆனால் ரப்பர் புஷ்கள் ஊறிக் கெடும், பிரேக்கில் பட்டால் பிடிக்காது, அடுத்த மழையில் கழுவிக்கொண்டு மண்ணுக்கும் ஏரிக்கும் போகும்.

பாத்ரூம் ஆசிட் ஊற்றுவது: துரு சட்டென்று போகும். ஆனால் அதில் உள்ள குளோரைடு இடுக்குகளில் தங்கி, முன்பைவிட வேகமாகத் துருவை அழைத்து வரும்.

துருவின் மேலேயே கறுப்பு கோட்டிங் அடிப்பது: பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். கோட்டிங்குக்கும் தகட்டுக்கும் நடுவில் ஈரம் மாட்டிக்கொள்ளும். ஓட்டை விழும் வரை வெளியே தெரியாது.

ஓட்டையை எம்-சீல், ஃபைபர், பட்டி வைத்து அடைப்பது: தண்ணீர் வராமல் இருக்கலாம். ஆனால் இவை எடை தாங்காது.

நனைந்த காரின் மேல் கவர் போடுவது: ஈரத்தை உள்ளே வைத்து வேகவைப்பதற்குச் சமம்.

எப்போது பட்டறைக்குப் போக வேண்டும்?

பிரிட்டனில் கார்களுக்கு நடத்தப்படும் எம்.ஓ.டி சோதனையில் ஒரு விதி உண்டு. சீட் பெல்ட், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் போன்றவை மாட்டப்பட்ட இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் பலத்தைக் குறைக்கும் அளவுக்குத் துரு இருந்தால் கார் தேறாது. நம் ஊரில் அந்த விதி இல்லை. ஆனால் வீட்டில் முடிவெடுக்க நல்ல அளவுகோல் அது. ஓர் அடி ஸ்கேலை வைத்துப் பாருங்கள். அந்தத் தூரத்துக்குள் அரிப்பு இருந்தால் நீங்களே கை வைக்காதீர்கள்.

பட்டறையில் கேட்க வேண்டியது மூன்று விஷயம். அரித்த தகட்டை முழுதாக வெட்டி எடுப்பார்களா? ரிவெட் அடிக்காமல் சுற்றிலும் வெல்டிங் வைப்பார்களா? வெல்டிங் வைத்த இடத்தின் உள்பக்கத்துக்கும் பிரைமர், மெழுகு போவதற்கு வழி செய்வார்களா? வேலை நடக்கும்போதே, பட்டி போடுவதற்கு முன், போட்டோ கேட்டு வாங்குங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், பெட்ரோல் டேங்க், கார்பெட் அருகே தீ படாமல் பார்ப்பதும் அவசியம்.

கதவு, ஃபெண்டர் மாதிரி பாகங்கள் புதுப்பேட்டையில் பழசாகக் கிடைக்கும். வாங்கும்போது அங்கேயும் காந்தத்தை எடுத்துப் போங்கள்.

ஆர்.சி புதுப்பிக்கும்போது துரு ஏன் முக்கியம்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 41-வது பிரிவுப்படி, சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காலாவதியாகும் தேதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் படிவம் 25-ல் விண்ணப்பிக்க வேண்டும். அம்பத்தூர் (டிஎன் 13), பூந்தமல்லி (டிஎன் 12) என்று உங்கள் பகுதிக்கான ஆர்.டி.ஓ அலுவலகத்தில் வண்டியை நேரில் காட்ட வேண்டியிருக்கும். ஓட்டையும் அரிப்புமாகப் போய் நின்றால் சரிசெய்து வரச் சொல்லித் திருப்பி அனுப்ப வாய்ப்புண்டு.

கட்டணமும் இப்போது சின்னத் தொகை இல்லை. 2022 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் தாண்டிய கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ரூபாய். ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே அடிப்பகுதியைப் பார்த்துவிட வேண்டும். எலும்பே போயிருந்தால், அந்தக் காருக்கு மேலும் செலவழிப்பதா என்பதை அப்போதே முடிவு செய்யலாம்.

இன்சூரன்ஸில் துருவுக்குப் பணம் கிடைக்குமா? கிடைக்காது. தேய்மானம் பாலிசியில் சேராது. வெள்ளத்தில் மூழ்கிய சேதம் வேறு. சொந்த வாகனச் சேதத்துக்கும் சேர்த்துப் பாலிசி எடுத்திருந்தால், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், போட்டோ எடுத்து உடனே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

மழைக்கு முன், மழைக்குப் பின்: வருஷ காலண்டர்

• செப்டம்பர்: வடிகால் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். பிளாஸ்டிக் கேபிள் டை விட்டால் பெயிண்ட் கீறாது. கதவு, டிக்கி ரப்பர்களைப் பாருங்கள். புதிய கீறல்களுக்கு டச்-அப் பெயிண்ட் வையுங்கள்.
• அக்டோபர் முதல் டிசம்பர்: தண்ணீரில் ஓட்டிய பிறகு வீல் ஆர்ச், அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மேட்டை எடுத்து வெயிலில் போடுங்கள்.
• ஜனவரி: கார்பெட்டைத் தூக்கி ஈரம் பாருங்கள். வெள்ளம் புகுந்த கார் என்றால் சீட்டையும் கார்பெட்டையும் கழற்றி முழுதாகக் காயவைப்பது அவசியம்.
• பிப்ரவரி முதல் மே: டார்ச், ஸ்க்ரூ டிரைவர், காந்தத்தோடு முழுச் சோதனை. கண்டுபிடித்த துருவுக்கு மேலே சொன்ன 8 படிகள்.

ஒவ்வொரு வருஷமும் அதே இடங்களைப் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். போன வருஷப் படத்தோடு ஒப்பிட்டால் துரு நின்றதா, நகர்கிறதா என்பது தெரிந்துவிடும். நின்றிருந்தால் உங்கள் வேலை பலித்தது. சரிசெய்த இடத்திலேயே மறுபடி குமிழ் வந்தால், துரு தகட்டின் மறுபக்கத்திலிருந்து வருகிறது என்று அர்த்தம். அடுத்த கோட் பெயிண்ட் வாங்காதீர்கள், பட்டறைக்குக் கிளம்புங்கள்.